ரெண்டுன்னு சொன்னியா?

மகனே,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போகுமுன் ஒப்படைக்க நீ மேசைமேல் வைத்திருக்கும் நீலக் கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறேன். அந்தக் கோப்பு எங்கெல்லாம் திறக்கப்படுகிறதோ அங்கெல்லாம் இதுவும் திறந்தே கிடக்கட்டும். உன் மாணவர்கள் படிக்கலாம். உன் இடத்துக்கு வரப்போகும் புது விரிவுரையாளர் படிக்கலாம். உன் மனைவி படித்தே ஆகவேண்டும். பாதியில் நீ எழுந்து என் அறைக்கு வருவாய் என்று தெரியும். வராதே. முழுவதையும் படித்துவிட்டு வா.

போன வாரம் நடந்ததை முதலில் ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றல்ல. மருத்துவம், தாதியியல், மருந்தியல், உணவியல் என்று நான்கு துறை மாணவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே இனிப்புநீர் நோயாளியைப் பார்க்கச் செய்கிறாயே, அந்த வகுப்பைப் பற்றி நீ மூன்று வருடமாகப் பெருமையாகப் பேசுவாய். நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பேன். நோயாளியின் மனைவியாக நடிக்கும் பெண்ணுக்கு டெங்கி கண்டுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, ரெண்டு மணி நேரம்தான். சும்மா உட்காந்து கேக்குறதுக்குப் பதில் சொன்னா போதும். முப்பது வருஷம் கிளாஸ் எடுத்தவங்க, உங்களுக்கு என்ன பயம்?" என்றாய். பயமில்லை, சலிப்புதான் என்றேன். சுபாங் ஜெயாவில் உன் கல்லூரித் தாழ்வாரத்தில் என்னை ஒரு நாற்காலியில் அமர்த்தி, இந்த நீலக் கோப்பைக் கையில் கொடுத்துவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். நீ எழுதிய நோயாளிக் கதையை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

ஐம்பத்தொன்பது வயது ஆண். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. சிறுநீரகத்தில் கொஞ்சம் பழுது. புரட்டாசிச் சனிக்கிழமை, காலையில் இரண்டு இட்லியோடு விரதம். உன் அப்பாவேதான், பெயரை மட்டும் மாற்றியிருந்தாய். மூன்றாம் பக்கத்தில், நோயாளியின் அக்காள், ஓய்வுபெற்ற தாதி, விரத நாள் என்று யாரையும் கேட்காமல் எட்டே காலுக்கு முழு அளவு இன்சுலினைப் போட்டுவிட்டார் என்று இருந்தது. அதற்கடுத்த வரியில், மனைவி பொறுப்பானவர், மாணவர்கள் அவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்காமல் பேசவேண்டும் என்று இருந்தது. பொறுப்பானவர் என்ற சொல்லை நான் இரண்டு முறை படித்தேன். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ஆனால் கதவைத் திறந்து "வாங்கம்மா" என்று நீ கூப்பிட்டாய், நானும் வந்துவிட்டேன்.

அறையில் கட்டில், கட்டிலில் பொம்மை. அது மூச்சுவிடும் என்று சொல்லியிருந்தாய். கைலி கட்டியிருக்கும் என்று சொல்லவில்லை. நீலக் கட்டம் போட்ட உன் அப்பாவின் அந்தக் கைலியை நான் எத்தனை வருடமாக அலமாரியில் தேடினேன் தெரியுமா? அது கிழிந்த இடத்தில் நான் போட்ட வெள்ளைத் தையல்கூட அப்படியே இருந்தது. எதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் நீ உட்கார்ந்து எங்களைப் பார்ப்பாய், எங்களுக்கு எங்கள் முகம்தான் தெரியும். பொம்மையின் நெற்றி வேர்த்தது. மார்பு ஏறி இறங்கியது. பிறகு அது உன் குரலில், ஆங்கிலத்தில், தலை சுற்றுகிறது என்றது. உன் குரல் ஒலிபெருக்கி வழியாக வரும்போது உன் அப்பாவின் குரலாகிவிடுகிறது. இதை யாரும் உனக்குச் சொன்னதில்லையா?

நான்கு மாணவர்களும் முதலில் தனித்தனியாக வந்து என்னிடம் பேசினார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஊசி போட்டது யார் என்று நால்வரும் கேட்டார்கள். கதையில் எழுதியிருந்தபடி, இவருடைய அக்காள் என்று நால்வருக்கும் சொன்னேன். மற்றக் கேள்விகளுக்குக் கதையில் பதில் இல்லை. இல்லாததற்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தாதியியல் படிக்கும் ஆயிஷா, ஊசி போடும் முன் தோலைச் சுத்தம் செய்வீர்களா என்று கேட்டாள். நான் ஸ்பிரிட் தொடுவதே இல்லை, கிளினிக்கில் தேவையில்லை என்றுதான் சொன்னார்கள், ஆனால் அன்று குப்பைக்கூடையில் ஸ்பிரிட் பஞ்சு கிடந்தது என்றேன். மருந்தியல் மாணவி மருந்து எப்படிச் சேமிக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு இன்சுலின் பேனா முடிந்தபின்தான் அடுத்ததைத் திறப்பேன், அன்று மட்டும் இரண்டு பேனா திறந்திருந்தது என்றேன். உணவியல் படிக்கும் காஜாங் ஊர்ப் பெண் தர்ஷினி, "ஆன்டி, அங்கிள் எத்தனை மணிக்குப் பசியாறினாரு?" என்றாள். "ஒன்பதரைக்கு. ஊசி போட்டு அரை மணி நேரத்துல தட்டு முன்னால இருக்கணும். அதுல நான் தவறினதே இல்ல" என்றேன். என்னை அறியாமல் சொன்னேன் என்று எழுத ஆசை. நான் எதையும் அறியாமல் சொல்பவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். அந்த அறையில் என் வாய் எனக்குக் கட்டுப்படவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மருத்துவ மாணவனும் பேசி முடித்தபின், நால்வரும் மூலையிலிருந்த மேசைக்குப் போய்த் தங்கள் குறிப்புகளை ஒன்றுசேர்க்க உட்கார்ந்தார்கள். நான் கட்டிலருகே இருந்தேன். பொம்மை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்போது அது தமிழில், மெதுவாக, "ரெண்டுன்னு சொன்னியா?" என்று கேட்டது.

"சொல்லிட்டேன். ரெண்டுன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

தர்ஷினி திரும்பிப் பார்த்தாள். "ஆன்டி, யார்கிட்ட பேசுறீங்க?" நான் பொம்மையைக் காட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அந்த மேசையில் நடந்ததுதான் நீ பார்த்திருக்க வேண்டியது. ஆயிஷா பஞ்சைப் பற்றிச் சொன்னாள். "அப்ப ஸ்பிரிட் போட்டது அங்கிளோட அக்கா. சரி, அது தெரிஞ்சதுதானே" என்றான் மருத்துவ மாணவன். மருந்தியல் மாணவி, "ஏய், நில்லு லா. ஒரு ஊசிக்கு எதுக்கு ரெண்டு பேனா?" என்றாள். தர்ஷினி தன் தாளைப் புரட்டி, "அக்கா போட்டது எட்டே கால். இவங்க பசியாறக் குடுத்தது ஒன்பதரை. அரை மணிக்கு மேல விடவே மாட்டேன்னு சொல்றாங்களே. அப்ப ஒன்பது மணிக்கு யாரோ போட்டிருக்கணும்" என்றாள். மருத்துவ மாணவன் குறிப்பெழுதிய பேனாவைக் கீழே வைத்தான். "அதனாலதான், கேஸ்ல எழுதியிருக்கிற மாதிரி, டிரிப்ல சீனி ஏத்தி ஒரு தடவ எழுந்திரிச்சவர் மறுபடியும் விழுந்துட்டாரு. ஒரு டோஸ் இல்ல. ரெண்டு." நால்வரும் என்னைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்த்தார்கள். தனித்தனியாக வந்த நால்வரிடமும் நான் பொய் சொன்னேன், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசினார்கள், பதினான்கு வருடம் நான் மூடிவைத்தது வெளியே வந்துவிட்டது. உன் வகுப்பு நல்ல வகுப்புதான். நீதான் அதை நம்பவில்லை. கையில் காப்பியோடு உள்ளே வந்தாய், அவர்கள் சொன்னதைக் கேட்டாய், "ஓவரா யோசிக்காதீங்க லா. கேஸ்ல அப்படி இல்ல. ஒரு டோஸ்தான்" என்றாய். "சார், ஆனா ஆன்டியே சொன்னாங்களே" என்று தர்ஷினி இழுத்தாள். "ஆன்டி இன்னிக்குத்தான் முதல் தடவை. குழம்பிட்டாங்க" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தாய். அந்த மதிப்பெண்ணை அவர்களுக்குத் திருப்பிக் கொடு. இது இந்தக் கடிதத்தின் முதல் வேண்டுகோள்.

திரும்பும் வழியில், காரில், பொம்மையின் வாயால் ஏன் தமிழில் பேசினாய் என்று கேட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்கத் துணிவில்லாமல் இதைக் கேட்டேன். "நான் பேசலயே. அவங்க மேசைக்குப் போனதும் மைக்க மூடிட்டு காப்பி எடுக்கப் போய்ட்டேன்" என்றாய். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து உன் போனில் பதிவைப் போட்டுக் காட்டினாய். அதில் மாணவர்கள் மேசைக்குப் போகிறார்கள். பொம்மையின் மார்பு ஏறி இறங்குகிறது. எண்ணினேன், ஒன்பது முறை. ஒரு சத்தமும் இல்லை. பிறகு நான் தலையைத் திருப்பி, முகம் வெளுத்து, ஒரு பிளாஸ்டிக் காதுக்குப் பதில் சொல்கிறேன். "என்னம்மா, தூக்கமா?" என்று சிரித்தாய். வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், ஆவி என்றும் பேய் என்றும் எழுதமாட்டேன். கேட்டதைக் கேட்டேன் என்று மட்டும் எழுதுகிறேன். அந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. இதற்கு முன் ஒரே ஒரு முறை, ஒரே ஒருவர் என்னிடம் அதைக் கேட்டிருக்கிறார்.

உன் அத்தையும் நானும் அந்தப் புரட்டாசிக்கு முன் நான்கு மாதமாகப் பேசவில்லை. காரணம் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். ஒரு துண்டுப் பஞ்சு. ஸ்பிரிட் தடவாமல் ஊசி போடக்கூடாது என்றார் அவர். முப்பது வருடம் வார்டில் தாதியாக, எல்லாருக்கும் மிஸ்ஸியாக இருந்தவர். தேவையில்லை என்று கிளினிக்கில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "டீச்சரம்மா, லாபுல தவளைய அறுக்கிறது வேற, மனுசனுக்கு ஊசி போடுறது வேற" என்றார். நான் தவளை அறுத்ததே இல்லை, அது உயிரியல். "அண்ணி, நீங்க படிச்ச காலத்துல பென்சிலின் இருந்துச்சா?" என்று கேட்டேன். அன்றோடு பேச்சு நின்றது. அவர் சனிக்கிழமைதோறும் கிள்ளானிலிருந்து முதல் கோமூட்டர் ரயிலில் தம்பியைப் பார்க்க வருவார், கூடத்தில் உட்காருவார். நான் சமையலறையில் இருப்பேன். செய்தி ஏதும் இருந்தால் உன் அப்பாதான் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே தபால்காரர். "அக்கா காப்பி வேணாம்னு சொல்றாங்க." "அவ மத்தியானம் இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்றா." ஐம்பத்தொன்பது வயது மனிதர் இரண்டு பெண்களுக்கு நடுவில் செருப்பில்லாமல் நடந்துகொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் பூவும் காய்கறியும் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தேன். நீ பங்சாரில் டியூஷன் வகுப்பில் இருந்தாய். வந்த அத்தை, ஊசி நேரம் தவறுகிறதே என்று, குளிர்ப்பெட்டியிலிருந்து புதுப் பேனாவை எடுத்து எட்டே காலுக்குப் போட்டிருக்கிறார். நான் ஒன்பதுக்கு வந்தேன். மேசையில் இருந்த பழைய பேனாவை எடுத்தேன். அப்போது குப்பைக்கூடையில் பஞ்சைப் பார்த்தேன். ஸ்பிரிட் வாடை இன்னும் இருந்தது. என் வீட்டில் ஸ்பிரிட் பாட்டில் கிடையாது, அவர் கைப்பையில்தான் உண்டு. ஒரு கணத்தில் எல்லாம் புரிந்தது. புரியவில்லை என்று பதினான்கு வருடம் என்னிடமே சொல்லிப் பார்த்திருக்கிறேன், என்னாலேயே நம்ப முடியவில்லை. கூடத்துக்குப் போய், "அண்ணி, போட்டுட்டீங்களா?" என்று கேட்கவேண்டும். நான்கு மாதத்துக்குப்பின் முதலில் வாய் திறப்பவள் நானாக இருக்கவேண்டும். கேட்கவில்லை. வேறு எப்போதோ போட்ட பஞ்சாக இருக்கும் என்று முடிவு செய்தேன். குடுவையில் ஏற்கெனவே அமிலம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊற்றிய மாணவிகளை நான் லாபிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறேன்.

உன் அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். நான் பேனாவோடு வந்ததும் என்னைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். அக்கா போட்டுவிட்டார் என்றால் நான் சத்தம் போடுவேன், என் சத்தத்துக்கு அத்தை பதில் சொல்வார். ஒரு விரத நாளில் வீட்டில் சண்டை வேண்டாம் என்று சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். அவ்வளவு நல்லவர். மகனே, உன் மனைவியும் அவள் அம்மாவும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதும், நீ போனில் இருவருக்கும் இனிப்பாகச் செய்தி மாற்றிச் சொல்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த வேலையை விடு. இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துக் கத்தவிடு. நல்லவனாக இருந்து செத்துப்போகாதே.

பன்னிரண்டு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது, பிறகு வலிப்பு. அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர், "எத்தனை தடவை ஊசி? யார் போட்டது?" என்று கேட்டார். அத்தை வெளியே நின்றிருந்தார். "ஒரு தடவைதான். அவங்க அக்கா போட்டாங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்வியில் பழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று என் நாக்குக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. சீனி ஏற்றினார்கள். இரண்டு மணிக்குக் கண் விழித்தார். ஒரு ஊசிக்கான கணக்கில் நேரம் பார்த்து, மூன்றரைக்கு டிரிப்பை நிறுத்தினார்கள். தாதி நகர்ந்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "ரெண்டுன்னு சொன்னியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன்" என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஐந்து மணிக்குச் சீனி மறுபடி இறங்கியது. அதற்குப்பின் அவர் விழிக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். டியூஷனிலிருந்து ஓடிவந்த உன்னிடம், "அத்தைதான் ஊசி போட்டாங்க" என்று சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து நீ ஒரு அத்தையை இழந்தாய், ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்தாய், ஒரு பாடம் எழுதினாய். வருடாவருடம் பிள்ளைகள் அதைப் படித்து, மிஸ்ஸியாக இருந்த ஒரு கிழவிதான் தன் தம்பியைக் கொன்றாள் என்று குறிப்பெடுக்கிறார்கள்.

நேற்று முன்தினம் கிள்ளானுக்குப் போனேன். பல் டாக்டர் என்று உன்னிடம் சொன்னது பொய். அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. தனியாக இருக்கிறார். அவருக்கும் இப்போது இனிப்புநீர். நான் வாசலில் நின்றபோது உள்ளே, யாரும் இல்லாத வீட்டில், உரக்க, "போட்டாச்சு! பத்து யூனிட்! எட்டே கால்!" என்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் அப்படித்தானாம். நாள்காட்டித் தாளில் எழுதி, சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை மூடுவாராம். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. மிஸ்ஸி மாதிரி கேட்டார்.

"எத்தன மணிக்கு?"

"ஒன்பது."

"முழு அளவா?"

"ஆமா, அண்ணி."

தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் ஒருத்தியே கொன்னுட்டேன்னு இருந்தேன்டி, டீச்சரம்மா" என்றார். பிறகு எழுந்து, காப்பி போட உள்ளே போகும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அப்ப இனிமே அவன் என்கிட்ட கேக்க மாட்டான்" என்றார்.

பொம்மையைப் பற்றியோ அதன் கேள்வியைப் பற்றியோ நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. "யாரு? என்ன கேப்பாங்க?" என்றேன். தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காப்பி சீனியில்லாமல் வந்தது. இருவரும் குடித்தோம்.

ஆகவே நீ செய்யவேண்டியது. கதையின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு, இரண்டு என்று எழுது. பொறுப்பானவர் என்ற சொல்லை அடித்துவிடு. கோப்பைப் புதியவரிடம் ஒப்படைப்பதற்கு முன்னால், இந்தச் சனிக்கிழமை, என்னோடு முதல் கோமூட்டரில் கிள்ளானுக்கு வா. அப்பாவின் இறுதிச் சடங்கில் அவர் பிடிக்க வந்த கையை நீ உதறினாய். அந்தக் கையில் இப்போது நடுக்கம் இருக்கிறது, சீக்கிரம் பிடித்துக்கொள். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அதை நீ பெர்த்தில் ஓய்வாக யோசிக்கலாம்.

இன்னொன்று, அந்தக் கைலியைப் பொம்மையிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்து கொடு. கிள்ளானிலிருந்து வந்ததுமுதல் அந்தக் கேள்வி இல்லாமல் என் பக்கம் அமைதியாக இருக்கிறது. அத்தை பக்கமும் அப்படித்தான் என்று இன்று காலை போனில் சொன்னார். பதினான்கு வருடத்தில் அவரே போன் போட்டு என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை. எங்கள் இருவரிடமும் கேட்டாகிவிட்டது, இருவரும் சொல்லிவிட்டோம். உன்னிடம் உன் அப்பா இதுவரை கேட்காததற்குக் காரணம் உனக்குத் தெரியாது என்பது மட்டும்தான். திங்கட்கிழமை வகுப்பு முடிந்து அந்த அறையில், மைக்கை மூடியபின், பொம்மையின் பக்கத்தில் நீ தனியாக இருப்பாய்.

இப்போது உனக்கும் தெரியும்.

அம்மா